இல. 21/1

சபை ஒட்டிவிட்டுப் போன அறிவித்தலின் பாதியை
மான் தின்றுவிட்டது.
உவர்மலைச் சந்தியில், மதிலோடு நின்று,
பசை காயுமுன்னே.
மிச்சத்தில் இருந்தது இவ்வளவுதான்:
'ஒரு குடும்பத்துக்கான காணியில் இனிமேல்
மூன்று வரையான வீ'

பதினொரு வருஷமாக நான் இருப்பது
அந்த 'வீ'க்குப் பின்னால்தான்.
பத்திநாதர் கார் விட்ட கொட்டகை அது.
காரை விற்றார், குறுக்கே ஒரு சுவர் எழுப்பினார்,
சுவருக்கு இந்தப் பக்கம் நான், மகன், ஒரு கேஸ் அடுப்பு.
ஷட்டர் இப்பவும் இருக்கிறது.
திறந்தால் கட்டில்வரை தெருவுக்குத் தெரியும்.
திறப்பதில்லை.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை
குழாய்களுக்கு இலக்கம் ஒட்டுவது.
ரத்தத்துக்கு, சளிக்கு, சிறுநீருக்கு.
இலக்கமில்லாத குழாயை
வாங்கக்கூடாது என்பது விதி,
யாருடையது என்று தெரிந்தாலும்.

சாருகனை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது
கேட்டார்கள்:
கரண்ட் பில் உங்கள் பேரிலா?
தண்ணி பில்?
திருகோணமலை வாக்காளர் இடாப்பில் எந்த வீடு?
உங்கள் மணிச்சத்தம் என் அடுப்படிக்குக் கேட்கும், என்றேன்.
அதற்குப் புள்ளி இல்லையே அம்மா, என்றார் அதிபர்.
மரியாதையாகத்தான் சொன்னார்.
அன்றிலிருந்து பிள்ளை
ஆறரைக்கு வான் ஏறுகிறான், பாலையூற்றுக்கு.

கூட்டத்துக்குப் போனேன். பின்வரிசை.
எதிர்த்தவர்கள் கெட்டவர்கள் இல்லை.
முன்வீட்டு விமலாம்பிகை டீச்சர் எழும்பி
மலக்குழி எங்கே, கிணறு எங்கே, இடையில் எத்தனை அடி
என்று கேட்டது நியாயம்.
ஆவணியில் எங்கள் கிணறு உப்புக் கரிக்கும்,
வாளி அடியில் தட்டும்.
'இந்த ஒழுங்கையில் பதினாறு குடும்பம்,
அதுக்கே காணாது' என்றா.
நான் விரல்விட்டு எண்ணினேன்.
இருபத்துமூன்று.
அனெக்ஸில், மேல்மாடியில், பின்பத்தியில்,
தண்ணித் தாங்கிக்குக் கீழே ஒரு தாதிப் பிள்ளை,
கொட்டகைக்குள் நான்.
கிணறுகளுக்கு இந்தக் கணக்கு
முதலே தெரியும்.

நான் எழும்பவில்லை.
டீச்சர் திரும்பிப் பார்த்துச் சிரித்தா.
போன மாதம் அவவின் சீனி அறிக்கையை
வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தானே.

தீர்மானம் நிறைவேறியது.
ஒரு பெடியன் வந்து ஷட்டரில்
நீலப் பெயிண்டால் எழுதிவிட்டுப் போனான்: 21/1.
கடைசி ஒன்று கொஞ்சம் வழிந்து
நிலம் வரை வந்தது.

மூன்று கிழமை எனக்கு விலாசம் இருந்தது.
தேவையில்லாத இடமெல்லாம் எழுதினேன்.
சீட்டுக் கொப்பியில். மருந்துத் துண்டின் பின்பக்கத்தில்.
சாருகனின் தண்ணிப் போத்தலில்.

ஞாயிறு பூசை முடிந்து பத்திநாதர் வந்தார்.
கையில் அளவுநாடா.
இருபது பேர்ச் பிள்ளை, மூன்று வீடு வரும்,
மகள் கனடாவில் இருந்து காசு போடுகிறாள்,
இதை உடைக்க வேண்டிவரும்.
கட்டி முடிந்ததும் உன்னைத்தான் முதல் கேட்பேன்.
வாடகையும் சொன்னார்.
என் சம்பளத்தைவிட நாலாயிரம் குறைவு.

பிறகு, நேராக அளக்க வேண்டுமே,
ஷட்டரைத் திறந்தோம்.
துரு உதிர்ந்தது. இலக்கம் சுருண்டு மேலே போனது.
ஒழுங்கையில் நின்ற மான் ஒன்று
எங்கள் கட்டிலைப் பார்த்தது.

'இந்த முனையை ஒருக்காப் பிடி பிள்ளை.'
பிடித்தேன்.
நாடா அடுப்புக்கு மேலால்,
காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டைக்குக் கீழால்,
பின்கதவால் வெளியேறி
மதில் வரை போனது.
அங்கிருந்து அவர் அடிகளைச் சத்தமாக வாசித்தார்.
என் விரலுக்கடியில் பூச்சியம்.
அசையாமல் பிடி, என்றார்,
நீ அசைந்தால் எல்லாம் பிழைத்துவிடும்.